ஏரிக்கரையில் ஒரு சந்தேகக்காரன்

1

கனடாவுக்குள்ளேயே பறப்பதற்குப் பாஸ்போட் தேவையில்லை என்று மகள் மூன்று தரம் சொன்னாள். நான் மூன்று பேருடைய பாஸ்போட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். கூடவே குடியுரிமைப் பத்திரங்கள், கலியாணப் பதிவு, என்னுடைய பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்பு சரியானதென்று ஒருவர் சத்தியம் பண்ணிக் கொடுத்த கடிதம். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, சேட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த என் மகள் ஷெரினுக்குத்தான் எத்தனை தரம் விளக்கினாலும் பிடிபடாது. மன்னாரில் எனக்கு இருபத்தொரு வயது நடக்கும்போது, அடையாள அட்டையில் என் பெயருக்கு ஓர் எழுத்துக் குறைகிறது என்று பஸ்சிலிருந்து இறக்கிப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள், அது எழுதின கிளாக்கரின் பிழை என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பிழை கிளாக்கருடையது, பதினொரு நாள் என்னுடையது. அன்றிலிருந்து எதையும் இரண்டு தரம் பார்ப்பேன். மூன்றாம் தரமும் பார்ப்பேன்.

கனடாவில் அந்தப் பழக்கமே எனக்குத் தொழிலாகிவிட்டது. வாகனங்களுக்குப் பிறேக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கிறவன். வரிசையில் வருகிற ஒவ்வொரு துண்டையும் இது பிழை என்று நினைத்துக்கொண்டுதான் கையில் எடுக்க வேண்டும். பிழை கிடைக்காவிட்டால் மட்டும் போக விடலாம். இருபத்திரண்டு வருடமாக அப்படி நினைப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

இந்தக் கோடையில் எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருடம். “அப்பா, ஹோல் எடுத்து பார்ட்டி எல்லாம் வேண்டாம். லெட்ஸ் கோ டு த மவுண்டன்ஸ். லேக்ஸ் பாப்பம், ஹைக் பண்ணுவம், கனூ ஓட்டுவம்,” என்று பங்குனி மாதமே ஷெரின் சொல்லிவிட்டாள். மேற்கே, ரொக்கி மலைகளுக்குள், ஐந்து நாள்.

ஜெசிந்தா வேண்டாமென்று சொல்லுவா என்பது எனக்கு நிச்சயம். ஜெசிந்தா என் மனைவி. அவவுக்குத் தண்ணி ஆகாது. பிக்கரிங்கில் எங்கள் வீட்டிலிருந்து ஒன்ராறியோ ஏரிக்குக் காரில் பத்து நிமிடம். கோயில் சனம் அங்கே கோடை ஒன்றுகூடல் வைத்தால், அவ கதிரையைத் திருப்பிப் போட்டு ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பா. ஷெரின் சின்னப் பிள்ளையாகக் கரையில் கால் நனைத்தாலே கத்திக் கூப்பிடுவா. காரணம் எனக்குத் தெரியும். அவவின் தமையன் அன்ரன், படகில் இந்தியாவுக்குப் போகும்போது கடலில் இறந்துபோனவர். அதற்கு மேல் அவ சொன்னதில்லை.

“ஓம், போவம்,” என்றா ஜெசிந்தா. ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை.

அந்த ‘ஓம்’ எனக்குப் பிடிக்கவில்லை.

2

புதன்கிழமைகளைப் பற்றி இப்போது சொல்லிவிட வேண்டும்.

ஜெசிந்தாவுக்கு ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. நாலு மணிக்கு முடியும். ஐந்துக்கு முதல் வீட்டில் நிற்பா. போன கார்த்திகையிலிருந்து புதன்கிழமைகளில் மட்டும் ஆறரை ஆகத் தொடங்கியது. கேட்டால், “ஓவர்ரைம்.” சரி, ஓவர்ரைம்.

சலவை வேலை என்றபடியால் அவவில் எப்போதும் ஒரு பிளீச் மணம் இருக்கும். அதை நான் கவனத்தில் எடுக்கவில்லை. கவனத்தில் எடுத்தது தலைமயிரை. தொப்பியைக் கழற்றினால் காதுக்குப் பின்னால் ஈரம்.

“என்ன, நனைஞ்சிட்டீரோ?”

“ஸ்நோ.”

அன்றைக்குப் பிக்கரிங்கிலும் ஸ்நோ இல்லை, ஸ்காபரோவிலும் இல்லை. நான் பார்த்தனான்.

மார்கழியில் அவவின் காருக்கு ரயர் மாற்றக் கொண்டு போனேன். பின்பெட்டியைத் திறந்தால் ஒரு நீலத் துவாய், சுருட்டி வைத்தபடி, ஈரத்தோடு. எங்கள் வீட்டில் நீலத் துவாய் கிடையாது. அதை அப்படியே சுருட்டி, இருந்த இடத்தில், இருந்த பக்கமாகவே வைத்தேன்.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, அவவின் வேலையிடத்துக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு இருந்தேன். நாலு பத்துக்கு வெளியே வந்தா. கையில் ஒரு பை. காரில் ஏறி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் மற்றப் பக்கம் திரும்பிப் போனா. நான் பின்னால் போனேன். முதலாவது சிக்னலில் அவ தாண்டிவிட்டா, எனக்குச் சிவப்பு விழுந்துவிட்டது. பச்சை விழுந்த பிறகும் நான் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். திரும்பி வீட்டுக்கு வந்து சோற்றை வைத்தேன்.

ஆறரைக்கு வந்தா. “ஓவர்ரைம் எப்பிடி?” என்று கேட்டேன்.

“வழமை போலதான்,” என்று சொல்லிவிட்டுக் கறியைச் சூடாக்கினா.

தொலைபேசி பில்லில் ஒரு வரி விளங்காவிட்டால் முக்கால் மணி நேரம் லைனில் நின்று கேட்கிற ஆள் நான். பல் வைத்தியரிடம், அவர் கையிலிருக்கிற சாமானின் பெயர் என்னவென்று வாய் திறந்தபடியே கேட்டவன். ஆனால் ஜெசிந்தாவிடம் “புதன்கிழமை எங்க போறனீர்?” என்ற மூன்று சொல்லை ஏழு மாதமாக என்னால் கேட்க முடியவில்லை. கேட்டால் பதில் வரும். அந்தப் பதிலோடு பிறகு ஒரே வீட்டில் இருக்க வேண்டும், அல்லது இருக்க முடியாமல் போகும்.

ஸ்காபரோவில் டோர்செட் பார்க் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். கடைசி மகன் பல்கலைக்கழகத்துக்குப் போன அடுத்த மாதம் மனைவி இரண்டு சூட்கேசோடு தங்கச்சி வீட்டுக்குப் போனவ, திரும்பி வரவேயில்லை. அதற்கு இரண்டு கிழமை முன்னர்தான் இருவரும் நயாகராவில் நின்று சிரித்தபடி படம் எடுத்திருந்தார்கள். அந்தப் படத்தை அவர் எனக்குக் காட்டினார். “பாருங்கோ அண்ணை, சிரிக்கிறாதானே,” என்றார்.

இந்த மலைப் பயணமும் எனக்கு அப்படித்தான் பட்டது. பிள்ளை வளர்ந்துவிட்டது. இருபத்தைந்து வருடம் நிறைகிறது. ஒரு வடிவான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லப் போகிறா.

3

தாயும் மகளும் ஆங்கிலத்தில் குசுகுசுப்பார்கள். நான் அறைக்குள் வந்தால் தமிழுக்கு மாறி, “மழை வரும் போல,” என்பார்கள். ஜெசிந்தாவின் ஆங்கிலம் எப்போது இவ்வளவு கெட்டியானது என்பதே எனக்கு ஒரு கேள்வி. விமான நிலையத்தில் அவ பையை ஸ்கானுக்குள் விட்டபோது, திரையில் தெரிகிறதைப் பார்க்க நான் எட்டினேன். “சேர், ஸ்ரெப் பாக்,” என்றார் உத்தியோகத்தர். என் சேட்டுக்குள் இருந்த உறை காரணமாகக் கடைசியில் என்னைத்தான் தனியே கூப்பிட்டுத் தடவினார்கள். ஷெரின் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

கல்கரியில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, மேற்கே ஒன்றரை மணி நேரம் போனோம். மலைகள் திடீரென்று எழும்பி நின்றன. வடிவுதான். வடிவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் மலையைப் பார்த்து நான் பழகியவன் இல்லை. மன்னாரில் நின்றால் வானம் தரைவரை தெரியும், வருகிறவன் அரை மைல் தூரத்திலேயே தெரிவான். இங்கே நாலு பக்கமும் மறைப்பு. பின்னால் என்ன நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்?

தெரியும் என்று எழுதி வைத்திருந்தார்கள். நடைபாதை தொடங்கும் இடத்தில் மஞ்சள் பலகை: இந்தப் பகுதியில் கரடி நடமாட்டம் உண்டு. நான் நின்று முழுதையும் வாசித்தேன். கூட்டமாகப் போகவும், சத்தம் போடவும், பாதையை விட்டு விலக வேண்டாம். கடைசி வசனம் எனக்கு நன்றாகத் தெரிந்த வசனம். எங்கள் பக்கத்தில் அது மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகையில் இருந்தது. அங்கே மண்ணுக்குள் கிடந்தது கரடி அல்ல.

“எனக்குப் பின்னால வாங்கோ. நான் மிதிச்ச இடத்திலதான் மிதிக்க வேணும்,” என்றேன்.

ஷெரின் சிரித்தாள். “அப்பா, திஸ் இஸ் எ பார்க். அந்தா பேபியைத் தூக்கிக்கொண்டு போகினம்.”

“போகட்டும்.”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. இரண்டு கிலோமீற்றரும் நான் மிதித்த இடத்தில் மிதித்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்தா. எனக்கு அது அவவின் அன்பாகத் தெரியவில்லை. விட்டுப் போகிறவர்கள் கடைசி நாட்களில் இப்படித்தான் சொன்னபடி கேட்பார்கள் என்று நினைத்தேன். சந்தேகம் பிடித்தவனுக்கு எல்லாமே சாட்சி.

பாதையின் முடிவில் ஏரி இருந்தது.

அந்த நிறத்தை எப்படிச் சொல்ல? பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. பாலில் மயில்துத்தம் கரைத்த மாதிரி. சுற்றிவர மலை, மலையின் தோளில் வெள்ளையாய்ப் பனிக்கட்டி, கீழே இந்த நிறம். சனம் கைகளை விரித்துக்கொண்டு படம் எடுத்தது. நான் கரையில் குந்தியிருந்து தண்ணியைப் பார்த்தேன். இயற்கையான தண்ணிக்கு இப்படி ஒரு நிறம் வராது. வெறுமையாயிருந்த தண்ணிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினேன். நிறமே இல்லை. சும்மா தண்ணி.

“ஷெரின், இஞ்ச பார். ஏதோ போடுறாங்கள்.”

அந்த இடத்துக்குப் பொறுப்பான சீருடைப் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்றாள். ஷெரின் தடுக்க முதல் நான் கேட்டுவிட்டேன். அவள் சிரிக்காமல் விளக்கினாள். மேலே இருக்கிற பனிக்கட்டி மெல்ல நகர்ந்து பாறையை அரைக்கிறதாம். அந்த மாவு தண்ணியில் அடியில் படியாமல் மிதக்கிறதாம். வெயில் அதில் பட்டுத்தான் இந்த நிறமாம். ஒரு போத்தலுக்குள் பார்த்தால் தெரியாது, ஏரி முழுதாய் இருந்தால்தான் தெரியும் என்றாள்.

“அப்ப இது ஊத்தை,” என்றேன் தமிழில்.

“ஓம் அப்பா, பியூட்டிஃபுல் ஊத்தை,” என்றாள் ஷெரின்.

திரும்பி ஜெசிந்தாவைத் தேடினேன். கரையில் ஒரு பெரிய கல்லில் இருந்தா. ஏரிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு. இருபத்தைந்து வருடத்தில் நான் பார்க்காத காட்சி. கையை நீட்டித் தண்ணியில் விரலை வைத்து, எடுத்து, திரும்பவும் வைத்தா. வைத்தியர்கள் நாடி பார்ப்பது போல.

அன்று பின்னேரம் நாங்கள் தங்கிய மரவீட்டில், குளியலறையிலிருந்து நான் வரும்போது அவவின் குரல் கேட்டது. “நாளைக்குச் சொல்லுவம். இண்டைக்கு அவர் பாவம், விடு.”

பாவமாம். நான் கதவுக்குப் பின்னால் துவாயோடு நின்றேன்.

4

அடுத்த நாள் ஷெரின் எங்களை வேறொரு ஏரிக்குக் கூட்டிப்போனாள். சின்ன ஏரி, ஆழம் குறைவு, பெரிய ஏரிகளைப் போல் பனித்தண்ணி இல்லை, அந்தப் பகுதிச் சனமே நீந்துகிற இடம் என்றாள். கரையில் ஒரு மரக்கொட்டிலில் கனூ வாடகைக்கு விட்டார்கள். கனூ என்றால் ஒடுங்கலான சின்னத் தோணி, துடுப்பால் வலிக்கிறது. கொட்டிலுக்குள் நின்ற இளம்பெண் எங்களிடம் ஒரு தொடுதிரை ரப்லெற்றைத் தந்தாள். அதில் படிவம்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். எட்டுப் பக்கம். காயம் வந்தால் அவர்கள் பொறுப்பில்லை, மரணம் வந்தால் பொறுப்பில்லை, அவர்களுடைய கவனக்குறைவால் வந்தாலும் பொறுப்பில்லை. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது.

“அப்பா, ஜஸ்ற் சைன் பண்ணுங்கோ. எல்லாரும் சைன் பண்ணினம்.”

“எல்லாரும் பண்ணினம் எண்டுதான் நானும் ஒருக்கால் சிங்களத்தில எழுதினதுக்குக் கீழ கையெழுத்து வைச்சனான்.”

அந்தப் பதினொரு நாளைப் பற்றி வீட்டில் நான் நாலு வசனத்துக்கு மேல் சொன்னதில்லை. இது ஐந்தாவது.

கடைசிப் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு கேள்வி: உங்களுக்கு நீந்தத் தெரியுமா? எனக்கு ‘இல்லை’ போட்டேன். ஷெரினுக்கு ‘ஓம்’. ஜெசிந்தாவின் பெயருக்கு எதிரே ‘இல்லை’ போட விரலை வைக்க முதல், அவ எட்டி ‘ஓம்’ என்பதை அழுத்திவிட்டா.

“அது ஓம் இல்லை. மற்றது,” என்றேன்.

“தெரியும்.”

“பிழையாப் போட்டிட்டீர் எண்டு சொல்லுறன்.”

“பிழை இல்லை.”

படிவத்தில் பொய் எழுதுவது எனக்குத் தாங்காது. நான் அந்தப் பெண்ணிடம் குனிந்து, “நோ, நோ. மை வைஃப் கனொட் ஸ்விம். ஷீ இஸ் மேக்கிங் லை,” என்றேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஜெசிந்தாவைப் பார்த்து, “மாம், ஆர் யூ ஓகே?” என்று மெல்லக் கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை. நான் மனைவியை அடக்கி வைத்திருக்கிறவன் என்று நினைத்துத்தான் கேட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

“ஐ ஆம் ஓகே,” என்றா ஜெசிந்தா. பிறகு என்னிடம், “இஞ்சருங்கோ, உந்தப் படிவத்தை விட்டிட்டு வந்து கரையில நில்லுங்கோ,” என்றா.

போட்டிருந்த நீளச் சேட்டையும் காற்சட்டையையும் கழற்றினா. உள்ளே முழங்கைவரை, முழங்கால்வரை மூடின கறுப்பு நீச்சல் உடுப்பு. ஐம்பத்திரண்டு வயது. இடது முழங்காலில் வாதம். தலைமயிரைச் சுருட்டி ஒரு ரப்பர் தொப்பிக்குள் தள்ளினா. கையைத் தூக்கிச் சிலுவை போட்டா. தண்ணிக்குள் நடந்தா. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. நான் கத்தினேன் என்று ஷெரின் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

பிறகு அவவின் கால் நிலத்தை விட்டது.

நீந்தினா. வேகமில்லை, வடிவுமில்லை. நாலு கை போட்டு ஒரு மூச்சு, நாலு கை போட்டு ஒரு மூச்சு. வாயைப் பக்கவாட்டில் திறந்து, கணக்கு எண்ணுகிற பிள்ளையின் முகத்தோடு. கரையோடு ஒட்டி அங்கே ஒரு விழுந்த மரம் கிடந்த இடம்வரை போய், அதைத் தொட்டு, திரும்பி வந்தா. ஷெரின் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே வீடியோ எடுத்தாள்.

“வெனஸ்டே கிளாஸ்,” என்றாள். “விமன்ஸ் ஒன்லி. ரெஜிஸ்ரேஷன் ஏழு மணிக்குத் திறக்கும், ரெண்டு நிமிஷத்தில ஃபுல் ஆயிடும். தேர்ட் ரைம்தான் எனக்கு ஸ்பொட் கிடைச்சது. அம்மா உங்களுக்குச் சர்ப்ரைஸ் எண்டு சொன்னவ.”

ஈரத் தலை, நீலத் துவாய், மற்றப் பக்கம் திரும்பின கார். நான் கரையில் கிடந்த கல்லுகளுக்குள்ளேயே இருந்துவிட்டேன். ஏழு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்தது போல. அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் குறிப்பை இத்தோடு சந்தோஷமாக முடித்திருப்பேன்.

ஜெசிந்தா நடுங்கிக்கொண்டு கரையேறினா. உதடு நீலம். முகம் முழுக்கச் சிரிப்பு. துவாயைப் போர்த்திவிட்டபடி நான் சொன்னேன்: “அப்ப புதன்கிழமையில இதுக்கோ போனனீர்? நான் தையில உம்மட வேலையடிக்கு வந்து காருக்குள்ள இருந்து பாத்தனான். சிக்னலில விட்டிட்டன். என்னென்னவோ எல்லாம் நினைச்சுப் போட்டன்.”

சிரிக்கலாம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவவின் சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. “என்ன நினைச்சனீங்கள்?” என்று கேட்டா.

நான் துவாயின் நுனியை இழுத்துச் சரிசெய்தேன்.

“தையில. இப்ப ஆடி. இவ்வளவு நாளும் அதை நினைச்சுக்கொண்டோ எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தனீங்கள்?”

துவாயைத் தன் கையால் பிடித்துக்கொண்டு, என் கையைத் தோளிலிருந்து எடுத்து விட்டா.

5

கனூவில் ஒருவரும் ஏறவில்லை. மிச்சம் ஒன்றரை நாள் ஜெசிந்தா என்னோடு கதைக்கவில்லை. கோபத்தில் பாத்திரத்தை அடிக்கிற ஆளில்லை அவ. சாப்பாடு போட்டா, மருந்துக் குளிசையை எடுத்து வைத்தா, கேட்டால் “ஓம்”, “இல்லை”. தாயும் மகளும் கேபிள் காரில் மலைக்குப் போனார்கள். நான் தலையிடி என்று சொல்லி, முதலில் பார்த்த நிறத்து ஏரியின் கரையில் ஒரு மர வாங்கில் இருந்தேன். அந்த ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

மலையால் திரும்பி வந்த ஷெரின் பக்கத்தில் இருந்தாள். “அப்பா, யூ ஃபொலோட் ஹேர்?”

“ஒரு சிக்னல் மட்டும்.”

“தட்ஸ் நொட்... அப்பா, என்னைக் கேட்டிருக்கலாம். அம்மாவைக் கேட்டிருக்கலாம். எல்லாரையும் கேள்வி கேப்பீங்கள். என்ர ஃபிரெண்ட்ஸ் வீட்டை வந்தா அவையின்ர அப்பா என்ன வேலை எண்டு கேப்பீங்கள். வை நொட் ஹேர்?”

“பயம்,” என்றேன். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்லென்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் அதைத் தமிழிலேயே ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் தோளில் தலையை வைத்தாள். இருபத்துமூன்று வயது. கடைசியாக எப்போது அப்படி இருந்தாள் என்று யோசித்தேன்.

நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அன்று இரண்டு தரம் ஒத்திகை பார்த்து, இரண்டு தரமும் கேட்காமல் விட்டேன்.

6

ஷெரினுக்குக் கல்கரியில் ஒரு சிநேகிதி இருந்தாள். கடைசி நாள் காலை, அவளோடு இரண்டு நாள் நின்றுவிட்டு வருகிறேன் என்று வழியில் இறங்கிக்கொண்டாள். எங்களைத் தனியே விட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. அதைச் சந்தேகிக்கவில்லை.

விமான நிலையம் நாற்பது நிமிடம் என்று ஃபோன் சொன்னது. ஜெசிந்தா ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தா. நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், “நான் நினைச்சது பிழை. பெரிய பிழை,” என்று மட்டும் சொன்னேன்.

அவ ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினா. பிறகு றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னா.

“ஏன் சொல்லயில்லை எண்டு கேக்க மாட்டியளே?”

“ஏன் சொல்லயில்லை?”

“சொல்லியிருந்தா வந்து நிண்டு பாத்திருப்பியள். ரீச்சருக்கு லைசென்ஸ் இருக்கோ எண்டு கேட்டிருப்பியள். தண்ணிக்குள்ள என்ன மருந்து போடுறியள் எண்டு கேட்டிருப்பியள்.”

“கேட்டிருப்பன்.”

“அதுக்காகத்தான் உங்களைக் கட்டினனான், தெரியுமோ?”

எனக்கு விளங்கவில்லை.

“பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு, மாமியின்ர அப்பாட்மென்ற்றில, லிஃப்ட் ஏன் ஆடுது எண்டு கேட்டியள். நெருப்புப் பிடிச்சா எந்தப் படியால இறங்கிறது எண்டு கேட்டியள். மாமிக்குக் கோவம். எனக்கு இந்த ஆளே போதும் எண்டு இருந்தது. அன்ரன் அண்ணை ஒண்டும் கேக்காத ஆள். படகோட்டி சொன்னதை நம்பினவர்.”

அப்போதுதான் அந்தக் கதை வந்தது. மன்னாருக்குப் பக்கத்தில் முருங்கனில் வயல்காரக் குடும்பம். கடல் பழக்கமில்லை, நீச்சல் தெரியாது. அவவுக்குப் பதினேழு வயது, தமையனுக்கு இருபத்திரண்டு. படகில் பத்தொன்பது பேர். விடிகிற நேரம், கரை தெரிகிறது, ஓட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, “இது மணல்திட்டி, இடுப்பளவு தண்ணி, இறங்கி நடவுங்கோ,” என்றானாம். அன்ரன் தங்கச்சியைத் தூக்குவதற்காகத் தான் முதலில் குதித்தாராம். திட்டி அங்கே இல்லை. இரண்டு தரம் தலை தெரிந்ததாம். “என்ர கையில இருந்து இவ்வளவு தூரம்,” என்று ஜெசிந்தா காருக்குள் கையை நீட்டிக் காட்டினா. விரல் டாஷ்போர்ட்டைத் தொட்டது. “கையை நீட்டினா நானும் விழுந்திருவன் எண்டு ஆரோ என்ர சட்டையைப் பிடிச்சிழுத்தினம். நானும் இழுபட்டுக்கொண்டு இருந்திட்டன். நீந்தத் தெரிஞ்சிருந்தா இருந்திருக்க மாட்டன்.”

நான் காரை மெதுவாக்கினேன்.

“எல்லாத்தையும் துருவித் துருவிக் கேக்கிற மனிசன், அண்ணையைப் பற்றி மட்டும் ஒருநாளும் கேக்கயில்லை,” என்றா. “முதல் பத்து வருசமும் நீங்கள் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

உண்மை. துக்கத்தைக் கிளறக் கூடாதென்று இருந்தேன் என்று சொல்லலாம். அப்படித்தான் எனக்கே சொல்லிவந்தேன். ஆனால் கேட்டால் என்னையும் யாராவது கேட்பார்கள், அந்தப் பதினொரு நாளைத் திறக்க வேண்டிவரும் என்ற பயமும் அதற்குள் கிடந்தது. அதைச் சொன்னேன். அவ தலையை ஆட்டினா. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இதை எழுதுகிற இன்றுவரை சொல்லவில்லை.

“அன்ரன் எப்பிடி ஆள்?” என்று கேட்டேன்.

முதலில், “நல்ல ஆள்,” என்றா. பிறகு, “நல்ல ஆள் இல்லை, பெரிய குழப்படி,” என்றா. பிறகு வந்துகொண்டே இருந்தது. பூசை நேரம் கோயில் மணியை ஐந்து நிமிடம் முந்தி அடித்துவிட்டு ஒளித்தது. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஃபாதரின் பெயரை வைத்தது. கணக்குப் பாடத்தில் தங்கச்சியின் கொப்பியைப் பார்த்து எழுதி, அவவை விடக் கூட மாக்ஸ் எடுத்தது. விமான நிலையத்துக்குத் திரும்புகிற வழியைத் தவறவிட்டேன். அடுத்த வழியால் திரும்பினேன். அவ கவனிக்கவில்லை. அன்ரன் கடன் வாங்கின சைக்கிளில் ஒரு பெட்டையைப் பார்க்க மடுக் கோயிலுக்குப் போன கதை நடந்துகொண்டிருந்தது.

வாடகைக் கார் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் வரிசையில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அன்ரனின் சைக்கிள் இன்னும் மடுவை அடையவில்லை. மஞ்சள் மேலங்கி போட்ட பணியாளர் ஒருவர் கையில் இயந்திரத்தோடு வந்து ஜன்னலைத் தட்டினார். கண்ணாடியை இறக்கினேன்.

“கீஸ், சேர்? ஆர் யூ டன்?”

“நோ,” என்றேன். “மை வைஃப் இஸ் டோக்கிங்.”

அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார், பின்னால் சேர்ந்திருந்த கார்களைப் பார்த்தார், கையைக் காட்டி ஓரமாக ஓர் இடத்தைக் கொடுத்தார். நான் காரை அங்கே எடுத்து நிறுத்தி, கண்ணாடியை மேலே ஏற்றினேன்.

“பிறகு?” என்று கேட்டேன்.